தாய்வழி ஒரு பிரதி, தந்தைவழி ஒரு பிரதி

என்றும் என் மரியாதைக்குரிய சம்பந்தி அம்மாள் அவர்களுக்கு, உங்கள் இளைய மருமகளைப் பெற்றவள் எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சௌக்கியம். அங்கே உங்கள் முழங்கால் உட்பட எல்லாரும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

இதோடு ஒரு ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன். அது நம் பேத்தியின் எச்சில் பரிசோதனைத் தாள். பயப்பட வேண்டாம், பிரசவத்துக்கு இங்கே வந்திருப்பவளும் வயிற்றில் இருப்பதும் நலமே. எதைச் சாப்பிட்டால் தன் உடம்பு எப்படி எடுத்துக்கொள்ளும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டாள். அதற்கு ஒரு கம்பெனி குழாய் அனுப்புகிறது, அதில் துப்பிக் கூரியரில் திருப்பி அனுப்ப வேண்டும். நானும் ஐந்தாம் வகுப்பு வரை முதல் வரிசையில் உட்கார்ந்து படித்தவள்தான். கண்ட இடத்தில் துப்பக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இவள் பட்டம் வாங்கிய பிறகு துப்பி, அதற்கு ரசீதும் வாங்கி வந்தாள்.

தாளில் இரண்டு சங்கதி. முதலாவது, அவள் உடம்பு காபியை மெதுவாகத்தான் கழிக்குமாம். காலையில் குடித்தது சாயங்காலம் வரை, கிளம்பச் சொல்லியும் கிளம்பாத விருந்தாளி மாதிரி உள்ளேயே உட்கார்ந்திருக்குமாம். இரண்டாவது சங்கதிக்கு அவள் சொன்ன பெயர் என் காதில் "போ, லேட்டு" என்று விழுந்தது.

"லேட்டாப் போறதா? அதைத்தான் காபியிலயே சொல்லிட்டாங்களே" என்றேன்.

"லேட்டு இல்ல பாட்டி, ஃபோலேட். கீரையில, பயறுல இருக்கற சத்து. அதை வேலைக்கு எடுத்துக்கறதுல என் உடம்பு கொஞ்சம் மந்தம். டாக்டர் குடுக்கற மாத்திரையே போதுமாம்."

"அப்ப அதுவும் லேட்டுதானே" என்றேன்.

அதோடு விட்டிருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப் போகிறேன். என் மகள், அதாவது உங்கள் மருமகள், அந்தத் தாளில் 'பரம்பரை' என்ற ஒரே ஒரு வார்த்தையைப் பார்த்தாள். "இவளுக்கு இருந்தா உனக்கும் இருக்கும்மா, இனிமே இந்த வீட்டுல காபி கிடையாது" என்று ஸ்டூலைப் போட்டு ஏறி, காபித்தூள் டப்பாவைப் பரணில் வைத்துவிட்டாள். என் முழங்கால் பரணுக்கு ஏறாது என்பது அவளுக்குத் தெரியும். இப்போது காலையில் என் டம்ளரில் கீரை வேகவைத்த தண்ணீர் வருகிறது, ஆவி பறக்க வருகிறது, ஏமாந்து வாயில் வைத்துவிடுகிறேன். உங்கள் மகன் பாடு இன்னும் மோசம். வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே நிறுத்தி ஊதிக் காட்டச் சொல்கிறாள். "பக்கத்துச் சீட்டுக்காரர் குடிச்சார், வாசனை சட்டையில ஒட்டிக்கிச்சு" என்றார் மாப்பிள்ளை. "சட்டையாலயா ஊதுறீங்க?" என்றாள். எனக்கோ காபி நின்றதிலிருந்து தலை என்னுடையதாகவே இல்லை. துவைத்த துணியை மடித்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். கேஸ் கொண்டுவருபவர் வந்தபோது சிலிண்டரை உட்காரச் சொல்லிவிட்டு அவரை அடுப்படி மூலைக்கு உருட்டப் பார்த்தேன். நல்ல மனிதர், "பெரியம்மா, நான் காலி இல்ல" என்று மட்டும் சொன்னார்.

இந்த நிலையில்தான் தாளின் அடியில் ஒரு வரி என் கண்ணில் பட்டது. 'இரண்டு பிரதிகள்: தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று.' வீட்டில் அத்தனை பேர் படித்தவர்கள், ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. தாளை இரண்டு பிரதி எடுத்து, தாய் வீட்டுக்கு ஒன்றும் தந்தை வீட்டுக்கு ஒன்றும் கொடுத்து, குறை யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம். உடனே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மிஷின் பக்கத்தில் சூடாக ஒரு காபி வைத்திருந்தார். முதல் பிரதி கறுப்பாக விழுந்தது என்றேன், அடுத்தது வெளுப்பு என்றேன், அதற்கடுத்தது கோணல் என்றேன்.

"பாட்டி, நீங்க காகிதத்துக்கு வந்தீங்களா, காபிக்கு வந்தீங்களா?"

"காகிதத்துக்குத்தாம்பா. நீ அவசரப்படாமப் போடு."

இப்போது நியாயத்தைப் பாருங்கள். எங்கள் வம்சத்தில் காபியால் கெட்டவர் யாரும் இல்லை. என் அண்ணனை எல்லாரும் ஆந்தை என்று கூப்பிட்டது அவர் கண் பெரிதாக இருந்ததால்தான், அவர் ராத்திரியில் கூரை ஓட்டை எண்ணிக்கொண்டிருந்தது குடும்பப் பொறுப்பால். என் அம்மா காபி குடித்த கையோடு விடியும்வரை மாவரைத்தார் என்றால் அது சுறுசுறுப்பு. ஆனால் உங்கள் வீட்டுக்காரர், தங்கமான மனிதர், இங்கே ஒருமுறை வந்து தங்கியபோது சாயங்காலம் ஒரு டம்ளர் காபி குடித்தார். பொழுது விடியும்போது எங்கள் வீட்டு அலமாரிகளில் ஒரு திருகு பாக்கியில்லாமல் இறுக்கியிருந்தார். இன்றுவரை ஓர் அலமாரிக் கதவு திறக்கவில்லை, உள்ளே என்ன இருந்தது என்பதும் எங்களுக்கு மறந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை, சாட்சியாகச் சொல்கிறேன்.

ஆகையால் நீங்கள் பெரிய மனதோடு, 'இந்தக் காபி மந்தம் எங்கள் வம்சத்திலிருந்துதான் வந்தது' என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். அதை மகள் முன்னால் நீட்டினால் டப்பா கீழே இறங்கும். உங்களுக்கு ஒரு பேனா மைதான் செலவு, எனக்கு உயிர்.

உங்கள் மூத்த மகனுக்கும் மூத்த மருமகளுக்கும் என் ஆசிகள். நீங்களும் பல் ஆடாமல், கண் மங்காமல், நம் கொள்ளுப் பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
(ஐந்தாம் வகுப்பு தேர்ச்சி)

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மாப்பிள்ளை போனில் அனுப்பிய தாளைப் பார்த்து உங்கள் மூத்த மருமகளும் டப்பாவைப் பூட்டிவிட்டாள் என்று படித்து வயிறு எரிந்தது. குறை எங்கள் பக்கம்தான் என்று இரண்டு வரி என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். என் அண்ணனின் ஆந்தைப் பெயரைக்கூடச் சாட்சிக்கு இழுத்திருக்கிறீர்கள், உங்களுக்கு நல்ல ஞாபகசக்தி. பேத்தியிடம் இரண்டு கடிதத்தையும் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிரதின்னா ஜெராக்ஸ் இல்ல பாட்டி, இந்த மந்தத்தைக் கொண்டுவர்ற மரபணு. அப்பா வழியா ஒண்ணு, அம்மா வழியா ஒண்ணு, ரெண்டு பக்கமும் குடுத்தாத்தான் ரெண்டு" என்றாள். எனவே மேலே நான் எழுதியது எதையும் படிக்க வேண்டாம். நீங்கள் கேட்டபடி, காபி மந்தம் எங்கள் வம்சத்திலிருந்துதான் வந்தது என்று தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், அதில் பொய் இல்லை. நான் கேட்டதை நீங்கள் அனுப்புங்கள், அதிலும் பொய் இல்லை. இரண்டு தாளையும் ஒருவரே பார்த்துவிடாதபடி மட்டும் நாம் இருவரும் கவனமாக இருந்தால் போதும்.