இருபது றாத்தல் ஆட்டா பாணும் பன்னெண்டு அடி ரோடும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க லேன்ல சிரமதானம், எல்லாரும் சேந்து கூலியில்லாம ரோடு போடுறது. எனக்குக் குடுத்த வேலை ஒன்னே ஒன்னு. நாப்பது பேருக்குப் பாண் வாங்கிட்டு வரணும்.

அவ்வளவுதான். கல்லு சொமக்க வேணாம், மண்ணு வெட்ட வேணாம். பேக்கரிக்குப் போய் இருபது றாத்தல், அதாவது இருபது முழுப் பாண் வாங்கி, சாக்குல போட்டுக் கொண்டுவந்து வச்சாப் போதும்.

இந்த லேசான வேலை எனக்கு ஏன் கெடைச்சதுன்னா, லேன் சங்கக் கூட்டத்துல நான் இடுப்பப் புடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். தலைவர் திலக் ஐயா அதப் பாத்துட்டு, "சிவா மல்லிக்கு லேசானதா ஏதாவது குடுங்க"ன்னு சொல்லிட்டாரு. அவரு சிங்களவர். மல்லின்னா தம்பி. அவரு அப்படிப் பாசமாக் கூப்பிட்டா எனக்கு மறுக்க மனசு வராது. லேசான வேலைன்னா சுத்தமா வராது.

ரோட்டப் பத்திக் கொஞ்சம் சொல்லிர்றேன்.

எங்க லேன் பெரிய ரோட்ல இருந்து கீழ எறங்குது. பதினெட்டு வீடு. லேன் வாயில மொத வீடு எங்களுது. மழை பேஞ்சா மேல ரோட்டுத் தண்ணி எல்லாம் மொதல்ல எங்க கேட்டுக்கு முன்னாலதான் வந்து சேறாக்கும். போன ஐப்பசி மழையில என் மனைவி செல்வி வேலைக்குப் போற நேரம் அங்கேயே வழுக்கி விழுந்துட்டா. கை முறிஞ்சு ஆறு வாரம் கட்டு. அந்த ஆறு வாரமும் நான்தான் சமைச்சேன். அதுல யாருக்குக் கஷ்டம் கூடங்கிறது இன்னும் எங்களுக்குள்ள முடிவாகல.

கட்டு அவுத்த அன்னைக்கு அவ கேட்டது ஒன்னுதான். "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம். இந்தக் கேட்டுக்கு முன்னால கொங்கிரீட் போட்டுத் தாங்க."

மாசக்கணக்கா அலைஞ்சு, கடைசியில பிரதேச சபையில இருந்து சீமெந்து கெடைச்சது. மணலும் சல்லியும் மேல ரோட்டோரமாக் கொட்டினோம். லேன்ல இருக்குற ராஜு பாஸ்தான் மேசன். தெல்தோட்டைப் பக்கத்துக்காரன், வாய்க்கும் கைக்கும் ஒரே வேகம். அவன் சொன்னான், "கீழ கடைசி வீட்ல தொடங்கி மேல ஏறிக்கிட்டே வரணும் அண்ணே. இல்லாட்டி போட்டதுக்கு மேலயே நடக்க வேண்டி வரும். உங்க கேட்டுத்தான் கடைசி. ரெண்டு மணிக்கு முந்தி முடிச்சிறணும், பின்னேரம் மழை வந்துரும்."

செல்வி அதக் கேட்டுட்டு என்னையப் பாத்தா. "கவலப்படாத, முடிச்சிருவாங்க"ன்னேன். முடிக்க விடாமப் பண்ணப் போறது யாருன்னு அப்ப எனக்கே தெரியாது.

நான் பிலிமத்தலாவையில ஒரு பாமசியில பதினஞ்சு வருஷமா வேலை செய்றேன். மாத்திரை எடுத்துக் குடுக்குறவன்தான், டொக்டர் இல்ல. ஆனா அந்த வித்தியாசத்த எங்க லேன்ல நான் பெருசா விளக்கிச் சொன்னதில்ல. சீனி வருத்தம் உள்ளவங்க என்கிட்டத்தான் வந்து கேப்பாங்க. நானும் மூஞ்சிய ஒரு மாதிரி வச்சுக்கிட்டு, "மொதல்ல அந்த வெள்ளப் பாண நிப்பாட்டுங்க"ன்னு தொடங்குவேன்.

அப்படிப்பட்ட நான், நாப்பது பேருக்கு வெள்ளப் பாண் வாங்கிக் குடுக்குறதா? லேன் என்னையப் பத்தி என்ன நெனைக்கும்?

வெள்ளிக்கிழமையே பேக்கரிக்குப் போனேன். பேக்கரி மொதலாளி முஸ்லிம். அண்ணன்னு சொல்ற மாதிரி அவர எல்லாரும் நானான்னுதான் கூப்பிடுவோம். திகனயில இருந்து வந்து இங்க கடை போட்டவரு.

"நானா, ஞாயித்துக்கிழமைக்கு இருபது றாத்தல் ஆட்டா பாண் வேணும். தவிட்டோட, வெதையெல்லாம் போட்டு, முழுத் தானியமா."

"என்னத்துக்கு தம்பி?"

"சிரமதானத்துக்கு."

அவரு கையில இருந்த தட்டக் கீழ வச்சுட்டாரு. "சிரமதானத்துக்கா? அப்ப வெள்ள ரோஸ் பாண்தான் செரி. வேல செய்ற ஆக்கள் தம்பி. கையக் கழுவினமா, பிச்சமா, பருப்புல தொட்டமான்னு ஈக்கணும்."

"இல்ல நானா, ஒடம்புக்கு நல்லது எது? அதச் சொல்லுங்க."

"ஒடம்புக்கு ஒங்கட பாண்தான் நல்லம். நா இல்லன்னு செல்லல்ல. ஆனா ஞாயித்துக்கெழம விடிய அடுப்பு ரோஸ் பாணுக்கே காணாது. ஒங்கட பாண சனிக்கெழமயே போட்டு வெக்கணும். ஒரு ராவு போனா கொஞ்சம் எறுகும், பரவாயில்லயா?"

"பரவாயில்ல"ன்னேன். கொஞ்சம்னு அவரு சொன்னத நான் கொஞ்சம்னே எடுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை விடிய ஆறரைக்கே எல்லாரும் வந்துட்டாங்க. கலவை தூக்குற தாச்சி கை மாறிக் கை மாறி கீழ போகுது. திலக் ஐயா சாரத்த மடிச்சுக் கட்டிக்கிட்டு மணல் அள்றாரு. செல்வி பெரிய சட்டியில பருப்பு வச்சு, மிளகாய் போட்டுக் கட்டா சம்பல் இடிச்சு ரெடியா வச்சிருந்தா. நான் இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "அங்க கொஞ்சம் மேடா இருக்குதே"ன்னு மேற்பார்வை பாத்தேன். ஒம்பதரைக்கெல்லாம் அரைவாசி லேன் முடிஞ்சிருச்சு. பாத்தா ஒரு மணிக்கே எங்க கேட்டுக்கு வந்துரும் போல இருந்துச்சு.

"சரி, பாண் சாப்பிடுவோம்"னு ராஜு பாஸ் கூப்பிட்டான்.

பெருமையா சாக்க அவுத்தேன்.

மொத பாண எடுத்து ராஜு பாஸ் கையில குடுத்தேன். அவன் அதக் கையில வச்சு கனம் பாத்தான். பெறகு சீமெந்து அடுக்கியிருந்த பக்கம் திரும்பி, "ஒரு பேக் கொறையுதேன்னு காலையில இருந்து பாத்துக்கிட்டு இருக்கேன் அண்ணே"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இன்னும் பிரச்சினை எனக்கு விளங்கல.

பிச்சுப் பாத்தாங்க, வரல. கத்தி கொண்டுவந்து வெட்டினோம். வெட்டின துண்டப் பருப்புல தொட்டா, ரோஸ் பாண்னா அப்படியே உறிஞ்சிக்கிட்டு வரும். இது உறிஞ்சல. தவிடு தவிடா உதிந்து பருப்புக்குள்ளயே விழுந்துருச்சு. கொஞ்ச நேரத்துல செல்வி வச்ச பருப்பு மாட்டுக்கு வச்ச தீனி மாதிரி ஆயிப்போச்சு. அவ சட்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு மூடியப் போட்டு மூடிட்டா.

திலக் ஐயா ரொம்ப மரியாதையான மனுசன். ஒரு வாய் போட்டாரு. மென்னாரு. நான் ரெண்டு பேருக்குத் தேத்தண்ணி ஊத்திட்டு வந்து பாக்குறேன், இன்னும் அதே வாய்தான்.

"எப்படி ஐயா?"

தலைய ஆட்டினாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "நல்லா இருக்கு மல்லி. தண்ணி இருக்கா?"ன்னாரு. பல்செட்டு போட்டவருன்னு எனக்கு அப்பத்தான் ஞாபகம் வந்துச்சு.

ஒருத்தரும் திட்டல. அதுதான் எனக்கு இன்னும் பயமா இருந்துச்சு. எல்லாரும் ஒரு துண்டக் கையில வச்சுக்கிட்டு தேத்தண்ணிய மட்டும் குடிக்கிறாங்க. சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? விளக்கம் குடுக்கத் தொடங்கிட்டேன்.

"இங்க பாருங்க, வெள்ளப் பாண் வயித்துல போனதும் கரைஞ்சு, சீனி டக்குனு ஏறிரும். இதுல தவிடு இருக்குது, நார்ச்சத்து இருக்குது. மெதுவா, மெதுவாத்தான் ஏறும்."

ராஜு பாஸ் தேத்தண்ணிக் கோப்பைய வச்சுட்டு ரொம்ப நிதானமாக் கேட்டான்.

"எவ்வளவு மெதுவா அண்ணே? எங்களுக்கு இப்ப டக்குனு ஏறணுமே. சல்லி இன்னும் அரைவாசி கெடக்குது."

பதினஞ்சு வருஷமா இந்த விளக்கத்தச் சொல்றேன். ஒருத்தரும் இப்படித் திருப்பிக் கேட்டதில்ல. எப்படிக் கேப்பாங்க, பாமசிக்கு யாரும் தாச்சியோட வர்றதில்லையே.

அந்த நேரம் பாத்து மேல ரோட்ல பாண் விக்கிற த்ரீவீல் பாட்டுப் போட்டுக்கிட்டு வந்துச்சு.

நாப்பது தலையும் ஒரே நேரத்துல திரும்பிச்சு. அடுத்த நிமிஷம் த்ரீவீலச் சுத்திக் கூட்டம். ஆனா அதுல மீதி இருந்தது ஆறே ஆறு ரோஸ் பாண். திலக் ஐயா தலைவருங்கிற முறையில அதப் பிச்சுப் பங்கு வச்சாரு. ஆளுக்கு ரெண்டு வாய் கெடைச்சிருக்கும். அது பசிய அடக்கல, கிளப்பிவிட்டுருச்சு. அதுக்குப் பெறகு ஒருத்தரும் மம்பட்டியத் தொடல. மணல் மேல வரிசையா உக்காந்து என்னையவே பாத்தாங்க.

செல்வி பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னா. "நானா கடைக்குப் போங்க. ரோஸ் பாண் வாங்கிட்டு வாங்க. ஓடுங்க."

ஓடினேன். மோட்டார் சைக்கிள ஸ்டார்ட் பண்ற நேரம் பின்னால அவ குரல் கேட்டுச்சு. "இடுப்பு பரவாயில்ல போல."

பேக்கரியில நானா என்னையக் கண்டதும் விஷயத்த விளங்கிக்கிட்டாரு. ஆனா ஒரு வார்த்தை குத்திச் சொல்லல. "ரோஸ் பாண் முடிஞ்சிட்டு தம்பி. இப்பத்தான் அடுத்தத அடுப்புக்கு ஏத்துறேன். முக்கா மணித்தியாலம் ஆகும். கதிரையில இரிங்க."

உக்காந்தேன். என்ன செய்றது. பதினஞ்சு வருஷமா எந்தப் பாண ஊரெல்லாம் திட்டித் திரிஞ்சேனோ, அது எப்ப வேகும் எப்ப வேகும்னு அடுப்புக்கு முன்னால காத்துக்கிட்டு இருக்கேன். உள்ள பாண் உப்பி வருது. வெளிய ஹந்தானை மலைக்கு மேல மேகம் கறுத்து வருது. ரெண்டையும் மாறி மாறிப் பாத்துக்கிட்டு இருந்தேன். மனசுக்குள்ள செல்வியோட கட்டுப் போட்ட கைதான் வந்து வந்து போச்சு.

சுடச்சுட இருபது றாத்தல எடுத்துக்கிட்டு நான் லேனுக்குத் திரும்புற நேரம் பதினொன்னு தாண்டியிருச்சு. செல்வி பழைய பருப்பக் கொட்டிட்டுப் புதுசா வச்சிருந்தா. பாண் பத்து நிமிஷத்துல காலி. ஒரு ஓரம்கூட மிஞ்சல.

அதுக்குப் பெறகு வேலை நடந்த வேகத்தப் பாக்கணுமே. எனக்கே ரோஷம் வந்து நானும் ஒரு தாச்சியத் தூக்கினேன். இடுப்பு வலிக்கல. வலிச்சாலும் சொல்ற நெலமையில நான் இல்ல. கொங்கிரீட் ஒவ்வொரு வீடாத் தாண்டி மேல வருது. அஞ்சாவது வீடு, நாலாவது, மூனாவது. ரெண்டாவது வீட்டு மதிலும் தாண்டியாச்சு. செல்வி எங்க கேட்டப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா.

சரியா ரெண்டு மணிக்கு மொதத் துளி என் மூக்குல விழுந்துச்சு.

"நிப்பாட்டுங்க, பொலித்தீன் கொண்டுவாங்க!"ன்னு ராஜு பாஸ் கத்தினான். போட்ட எடத்தையெல்லாம் மூடினோம். மிச்சக் கலவையில தண்ணி ஓடிருச்சு. பிரிச்சு வச்சிருந்த சீமெந்தும் நனைஞ்சு வீணாப் போச்சு.

மழைக்குள்ளயே ராஜு பாஸ் காலால அளந்து பாத்தான். எங்க கேட்டுக்கு முன்னால, ரோட்டு வாய் வரைக்கும், பன்னெண்டு அடி பாக்கி.

"பாணுக்காக எவ்வளவு நேரம் மல்லி போச்சு?"ன்னு திலக் ஐயா ரொம்பப் பணிவாக் கேட்டாரு.

"ஒன்றரை மணித்தியாலம் ஐயா."

"ஒன்றரை மணித்தியாலத்துல அம்பது அடி போடுவோம்"ன்னான் ராஜு பாஸ். யாரும் அவன்கிட்ட அதக் கேக்கல.

எனக்கு உண்மையிலேயே வெக்கமாப் போச்சு. செல்வி மொகத்தப் பாக்கவே முடியல. ஏசுவான்னு நெனைச்சேன், ஏசியிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ அந்தப் பன்னெண்டு அடிச் சேத்தப் பாத்துட்டு, "வாங்க சாப்பிட. பதினாறு றாத்தல் பாண் அப்படியே இருக்குது"ன்னா.

நாலு நாளு காலையிலயும் ராவையிலயும் எங்க வீட்ல அதுதான். "மெதுவா மென்னு சாப்பிடுங்க, நார்ச்சத்து"ன்னு செல்வி பக்கத்துலயே நின்னு பரிமாறினா. அவ மட்டும் சோறு சாப்பிட்டா.

அடுத்த சிரமதானம் மழைக்காலம் முடிஞ்ச பெறகுதான்னு சங்கத்துல சொல்லிட்டாங்க. லேன் முழுக்கக் கண்ணாடி மாதிரி ரோடு. பதினெட்டு வீட்டு ஆளுங்களும் வெளிய போகணும்னா எங்க கேட்டுக்கு முன்னால செருப்பக் கழட்டிக் கையில எடுத்துத்தான் சேத்தத் தாண்டணும். தாண்டுற ஒவ்வொருத்தரும் ஜன்னல் பக்கம் பாத்து, "அண்ணே, சாப்பிட்டாச்சா?"ன்னு விசாரிச்சுட்டுப் போறாங்க. நேத்து ஒரு த்ரீவீல்காரன், இதுக்கு முந்தி பாத்தேயிராதவன், என்னைய ஏத்திக்கிட்டு வந்து, "ஆட்டா பாண் வீட்டுக் கிட்டத்தானே எறக்கணும்?"னு கேட்டான்.

இப்பவும் பாமசியில யாராவது கேட்டா உண்மையத்தான் சொல்றேன். ஆட்டா பாண் ஒடம்புக்கு நல்லது, ரோட்டுக்குத்தான் கூடாது.