தனசேகரன் வீட்டுக்கு அனுப்பியவர்கள்

ஒரு மனிதரை வேலையில் வைக்கவும் வேலையை விட்டுத் தூக்கவும் ஒரு நாற்காலி வேண்டும், ஒரு மேஜை வேண்டும், குறைந்தது ஒரு ரப்பர் முத்திரையாவது வேண்டும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், நியமனத் திலகங்கள் என்ற இனத்தை நீங்கள் இன்னும் சந்தித்ததில்லை என்று பொருள். அவர்களுக்கு மேஜை எதற்கு? ஒரு பெஞ்சும் ஒரு கைப்பேசியும் போதும். இருந்த இடத்திலிருந்தே எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவருக்கு மாலை போடுவார்கள், அவருக்கு உதவியாள் வைப்பார்கள், உதவியாளின் தகுதியில் சந்தேகம் கிளப்புவார்கள், மாலை வாடுவதற்குள் இரண்டு பேரையும் மூட்டை கட்டச் சொல்வார்கள். மாலை வாங்கியவருக்கும் மூட்டை கட்டியவருக்கும் இந்தச் சேதி போய்ச் சேராது. அதைப் பற்றி இவர்களுக்குக் கவலையும் கிடையாது.

மாதிரிக்கு ஒருவர் வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சியில் மாவு மில் வைத்திருக்கும் தனசேகரனை எடுத்துக்கொள்ளலாம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். மில் ஓடிக்கொண்டிருப்பதால் எழுந்து ஓடவும் முடியாது.

தனசேகரனுக்கு வயது நாற்பத்தாறு. இங்கிலாந்தில் வருடத்துக்கு முந்நூறு நாள் தூறல் போடும் ஏதோ ஓர் ஊரின் பச்சைச் சட்டைக் கால்பந்து அணிக்கு அவர் ரசிகர். அந்த ஊருக்கு அவர் போனதில்லை. சென்னைக்கே இரண்டு முறைதான், இரண்டும் கல்யாணம். இருந்தாலும் பதினோரு வருடங்களில் அந்த அணியின் மேனேஜர்கள் ஒன்பது பேரை வரவேற்று, ஆராய்ந்து, முகம் சுளித்து, வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். அவர் அனுப்பிய தேதியில் ஒருவரும் போகவில்லை. சிலர் அதற்கப்புறமும் இரண்டு வருடம் அங்கேயே உட்கார்ந்து சம்பளம் வாங்கினார்கள். தனசேகரனைப் பொறுத்தவரை அவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள்.

மாவு மில்லில் கால்பந்து பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்த வேண்டும். திடீரென்று கரண்ட் போனால் கடைசியாகக் கத்திய வார்த்தை அனாதையாகத் தெருவில் நிற்கும். அப்படித்தான் ஒரு நாள் தனசேகரன் கத்திய "லெஃப்ட் பேக் சரியில்ல" என்ற வாக்கியம் நேராகத் தியாகதுருகம் மலைக்கோட்டைக்குப் போய் முட்டி எதிரொலித்துத் திரும்பியதாகச் சொல்கிறார்கள். இதில் பாதி பொய். போனது நிச்சயம், திரும்பி வந்ததற்குத்தான் சாட்சி இல்லை.

பத்தாவது மேனேஜர் அறிவிக்கப்பட்ட காலையில் மில்லில் திருவிழா. பெஞ்சில் இருவர். ஒருவர் ஆதிமூலம், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டிகளை எடைபோட்டு ஓய்வு பெற்றவர். இன்னொருவன் அன்புச்செல்வன், பக்கத்தில் செல்போன் கடை. மூன்று பேர் புருவத்திலும் மாவு.

"மேனேஜரு மட்டும் வர்ல, கூட பதினோரு பேர இட்டுகினு வர்றாரு," என்றார் தனசேகரன், தாமே விமான நிலையத்துக்குப் போய்ப் பெட்டி இறக்கப் போகிறவர் போல. "த்ரோ-இன்னுக்குன்னே தனியா ஒரு கோச்சு."

"அவனுக்கு இன்னா வேல?" என்றார் ஆதிமூலம்.

"பந்து கோட்டத் தாண்டி வெளிய போச்சின்னா கையால எடுத்து உள்ள எறியறாங்களே, அத்தச் சொல்லிக் குடுக்கறதுக்கு."

"எங்க ஆலையில லாரியில இருந்து கரும்பு எறிய நாப்பது பேரு இருந்தான். எவனுக்கும் எவனும் சொல்லிக் குடுக்கல."

"கோல்கீப்பர் கோச்ச சொல்லுணா," என்றான் அன்புச்செல்வன். "போன எடத்துல எட்டு மேட்சுல பதினாலு கோலு வுட்டவன் அவன்."

"அவன் எங்கடா வுட்டான், கீப்பரு வுட்டான்."

"சொல்லிக் குடுத்தவன் யாருணா?"

பன்னிரண்டு பேர் கொண்ட அந்தக் குழு வேலையில் சேருமுன்பே அதன் முதல் ஆள் சந்தேகப் பட்டியலில் ஏறிவிட்டான். கேழ்வரகு டப்பாவோடு முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்த சின்னப்பொண்ணு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"ஏம்பா சேகரு, அவங்க வேலைக்கி சேரட்டும், நல்லா இருக்கட்டும். என் கேவுரு எப்ப சேரும்?"

இத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த மாதமே ஊருக்குள்ளும் ஒரு நியமனம் நடந்தது.

தனசேகரனின் மகள் எழில்மதி ஒன்பதாம் வகுப்பு, பள்ளி அணியின் கோல்கீப்பர். அந்தப் பள்ளியில் இரண்டு வருடமாக விளையாட்டு ஆசிரியர் இல்லை. பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிக்கொண்டு போவார், திருப்பித் தரமாட்டார். பெற்றோர் ஆசிரியர் கழகம் கூடி, கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துப் பெண் கோகிலவாணியைத் தற்காலிக ஆசிரியையாக வைத்தது. மாவட்ட அணித் தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. பயிற்சியாளர் ஒருவர் கூடவே வந்து கையெழுத்துப் போட்டால்தான் பள்ளி அணி அந்தத் தேர்வில் இறங்க முடியும். எழில்மதி இரண்டு வருடமாக அப்பாவிடம் கொலுசு கேட்கவில்லை, செல்போன் கேட்கவில்லை. அந்தத் தேர்வில் ஒரு நாள் கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

தனசேகரன் சும்மா இருப்பாரா? மில் வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார். நடுவில் கோகிலவாணி, பள்ளி அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய, தும்மல் வரும் நேரத்து முகம். சுற்றிலும் பயிற்சிக் குழு. வாட்ச்மேன், உதவிப் பயிற்சியாளர். சத்துணவு சமைக்கும் பாப்பாத்தி, ஊட்டச்சத்து நிபுணர். தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவருக்கு என்ன பதவி தருவது என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, "நீர்ச்சத்து ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டார்கள். கீழே வரிசையாகப் பெஞ்சுக்காரர்கள், கூலிங் கிளாஸோடு. வருக, வருக.

நியமனத் திலகங்களின் அன்புக்கு ஒரு கால அளவு உண்டு. முதல் வாரம், இந்த மாதிரி ஆளை எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்பார்கள். மூன்றாவது வாரம், பார்க்கலாம் என்பார்கள். ஆறாவது வாரம், நான் அன்றைக்கே சொன்னேன் என்பார்கள். அன்றைக்கு அவர்கள் சொன்னது ஃப்ளெக்ஸில் நாலு நிறத்தில் இருக்கும். அதைப் பார்க்க மட்டும் கண் தெரியாது.

கோகிலவாணியின் அணி முதல் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கித் தோற்றது. இரண்டாவதில் நாலு. மூன்றாவதில் மூன்று. மூன்றும் மாலை நேரத்தில், மில்லிலிருந்து நடந்தால் பத்து நிமிடத் தூரத்து மைதானத்தில். தனசேகரன் ஒன்றுக்கும் போகவில்லை. பச்சைச் சட்டை அணியின் போன வார ஆட்டத்தை இரண்டாம் முறை பார்த்துக் குறிப்பெடுக்கும் நேரம் அது.

"மூணு மேட்சு வரிசையா அவுட்டு," என்றார் மகளிடம். "வேற எடமா இருந்தா இந்நேரம் பொட்டி கட்டியிருப்பாங்க."

"ஆறு, நாலு, மூணுப்பா," என்றாள் எழில்மதி. "கம்மி ஆயிகினே வருது."

"பந்தே குடுக்காம ஓட வுடறாங்களாமே?"

"பந்து ஒண்ணுதான் கீது. நாங்க இருபத்திரெண்டு பேரு."

தரவுகளைப் புரட்டிப் புரட்டித் தேர்ந்த மனிதருக்கு இந்தச் சின்னக் கணக்கு ஏறவில்லை. மில்லுக்குப் போனார், மனு எழுதினார். வரைபடம் வைத்தார். அம்புக்குறி போட்டார். "அணியில் தெளிவான ஆட்டத் தத்துவம் காணப்படவில்லை" என்று தொடங்கி, "நிர்வாகம் இனியும் மௌனம் காக்கலாகாது" என்று முடித்தார். நாற்பத்தொரு கையெழுத்து வாங்கினார். பாதி, மாவு அரைக்க வந்த பெண்கள். கையெழுத்துப் போட்டால் பேச்சை நிறுத்துவார் என்று போட்டார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தனசேகரனுக்கு அந்தப் பெண் மேல் துளியும் கோபமில்லை. பதினோரு வருடமாக அவர் இணையத்தில் எத்தனையோ மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார். எண்பதாயிரம் பேர் சேர்ந்து போட்ட மனுவைக்கூட எந்த அணியும் திறந்து பார்த்ததில்லை. மனு என்பது மனசு ஆறுவதற்காகப் போடுவது என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதை ஒருவர் வாசிப்பார் என்று யார் கண்டது?

தலைமையாசிரியை நிர்மலா வாசித்தார். ஐந்தாம் நாள் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. "தங்கள் கோரிக்கை ஏற்கப்பட்டது. மேற்படி ஆசிரியை வரும் ஒன்றாம் தேதி முதல் பணிக்கு வரமாட்டார்."

அன்புச்செல்வன் மிக்சர் பாக்கெட் உடைத்தான். "ணா, பதினோரு வருசத்துல மொத வெற்றி." தனசேகரன் மிக்சரைத் தொடாமல் எழுந்தார். வீட்டுக்குப் போனார். எழில்மதி பூட்ஸைக் கழுவி, காகிதம் திணித்து, பரண் மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாத்துக்கு மேல வெக்கற?"

"கையெழுத்துப் போட மிஸ் இல்லன்னா டீமு போவ முடியாதுப்பா. கீழ கெடந்தா எலி கடிக்கும்." அவ்வளவுதான் சொன்னாள். அழுதிருந்தால் அவர் அதட்டியிருப்பார். அவள் அழாததால் மறுநாள் காலை தலைமையாசிரியை அறை வாசலில் நின்றார்.

"இருபது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு மனுவ நான் பாத்ததில்ல சார்," என்றார் நிர்மலா. "கிராஃப் எல்லாம் போட்டிருந்தீங்க."

"அது சும்மா போட்டது மேடம்."

"நாப்பத்தொரு பேரும் சும்மாவா சார் போட்டாங்க?"

தனசேகரன் சுவரில் இருந்த கால அட்டவணையைப் படிக்கத் தொடங்கினார்.

"வேணாம்னு எழுதிக் குடுத்தீங்க, வேணாம்னு சொல்லிட்டோம். இப்ப வேணும்னா, வேணும்னு எழுதிக் குடுங்க. அதே நாப்பத்தொண்ணு. வெள்ளிக்கிழமை கமிட்டியில வெக்கறேன்."

இரண்டு நாள் இருந்தது. மில் ஓரத்தில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோதுதான் ஒரு பயங்கரம் புரிந்தது. ஒருவரைப் போகச் சொல்ல அவரிடம் ஆயிரம் சொற்கள் இருந்தன. இருக்கச் சொல்ல ஒன்றுகூட இல்லை. "பல கேள்விகள் எழுந்துள்ள போதிலும்" என்று தொடங்கினார், அடித்தார். "நிர்வாகம் அவர் மீது முழு நம்பிக்கை வைத்துள்ளது" என்று எழுதினார். கால்பந்து உலகத்தில் இப்படி அறிவித்த பத்தாம் நாள் அந்த மேனேஜர் பெட்டியோடு விமான நிலையத்தில் நிற்பார், அதையும் அடித்தார். கைப்பேசியில் தேடினார். பாராட்டுக்கு வரைபடம் எதுவும் அகப்படவில்லை.

வேறு வழியில்லாமல், எழுத ஏதாவது கிடைக்குமா என்று மாலையில் மைதானத்துக்குப் போனார். முதன்முறையாக. வேலி ஓரமாக, கடன்காரரைக் கண்டவர் போல, புங்க மரத்துக்குப் பின்னால் நின்றார். ஒன்றாம் தேதிக்கு இன்னும் நாள் இருந்ததால் கோகிலவாணி வந்திருந்தாள். தும்மல் முகம் இல்லை, சாதாரணமான சின்னப் பெண். அவள் வருமுன் கல்லும் கருவேல முள்ளுமாகக் கிடந்த இடத்தில் ஒரு கல் இல்லை. கோல் கம்பத்துக்கு முன்னால் மட்டும் சலித்த மணல், கணுக்கால் புதையும் அளவுக்கு. அதில் எழில்மதி இடதுபக்கம் பாய்ந்து விழுந்தாள், எழுந்தாள், வலதுபக்கம் விழுந்தாள். இரண்டு வருடமாக முழங்காலில் மருந்தும் பிளாஸ்திரியுமாகவே பார்த்த பெண். இப்போது பிளாஸ்திரி இல்லை. எப்போதிலிருந்து இல்லை? ஒரே வீட்டில்தான் இருக்கிறார், அவருக்குத் தெரியவில்லை.

ராத்திரிக்குள் மனு முடிந்தது. அவர் வாழ்க்கையிலேயே சின்ன மனு. "எங்கள் பிள்ளைகள் இப்போது விழுந்தால் அடிபடுவதில்லை. இந்த ஆசிரியை வேண்டும்."

முதலில் பெஞ்சிடம் நீட்டினார். "போன மேனேஜர மறுபடி கூப்ட்டா டீமு விளங்காது சேகரு," என்றார் ஆதிமூலம், கரும்பைக்கூட அவ்வளவு கறாராக எடை போட்டிருக்க மாட்டார். அன்புச்செல்வன் அடுத்த பயிற்சியாளருக்கு நாலு பேர் பட்டியலே தயாரித்து வைத்திருந்தான். நாலாவது அவனே.

தனசேகரன் டப்பாவோடு நின்ற பெண்கள் பக்கம் திரும்பினார். சின்னப்பொண்ணு காகிதத்தை வாங்கி, தூரமாகப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

"போன தபா போவச் சொல்லி வாங்கன. இந்த தபா இருக்கச் சொல்லி வாங்கற. அடுத்த மாசம் இன்னா?"

"அடுத்த மாசம் ஒண்ணும் இல்லக்கா. எம் பொண்ணு பூட்ஸு பரண் மேல கீதுக்கா."

அவள் அவரை ஒருமுறை பார்த்தாள். "ஒண்ணு சொல்றேன். நான் டப்பா வெச்சா, அரைச்சி முடிக்கிற வரைக்கும் நீ வாயத் தொறக்கக் கூடாது. ஒத்துக்கினா போடறேன். மத்தவங்களையும் போட வெக்கறேன்."

ஒத்துக்கொண்டார். வியாழன் சாயங்காலத்துக்குள் ஐம்பத்துமூன்று கையெழுத்து. வெள்ளிக்கிழமை கமிட்டி, "வரமாட்டார்" என்பதை அடித்துவிட்டு, "வருவார்" என்று எழுதியது. திங்கட்கிழமை பூட்ஸ் பரணிலிருந்து இறங்கியது.

தேர்வுப் போட்டியில் அணி ஒரே ஒரு கோல் வாங்கித் தோற்றது. எழில்மதி ஏழு கோல்களைத் தடுத்தாள். பதினேழு என்று தனசேகரன் சொல்லித் திரிகிறார். பதினெட்டுப் பேர் கொண்ட மாவட்டப் பட்டியலில் பதினெட்டாவது பெயர் அவளுடையது. பட்டியலைப் பார்த்த தனசேகரன் கோகிலவாணியிடம் போய் ஏதோ சொல்ல நினைத்தார். பாராட்டுக்கு இன்னும் வார்த்தை கைவரவில்லை. "மணலு நல்லா இருந்துச்சி டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

"ணா, செகண்ட் ஆஃப்ல அந்தம்மா ஆள மாத்தியிருக்கணும்," என்றான் அன்புச்செல்வன், மறுநாள் பெஞ்சில். தனசேகரனின் வாய் பழக்கத்தில் திறந்தது. சின்னப்பொண்ணு டப்பாவைத் தரையில் டொக்கென்று வைத்தாள். வாய் மூடியது. அவரை அவ்வளவு எளிதாகத் திருந்தியவர் என்று நம்பிவிடாதீர்கள். கேழ்வரகு எத்தனை நேரம் அரைபடும்?

அவர் கிடக்கட்டும், உங்களிடம் ஒரு கேள்வி. ஒரு மனுவைப் பார்த்ததும், என்ன ஏது என்று மைதானத்தை எட்டிப் பார்க்காமல், ஒரு பெண்ணின் வேலையை ஐந்தே நாளில் பறித்தாரே தலைமையாசிரியை நிர்மலா, அவரைப் பற்றிப் படித்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? "முதலில் இந்த அம்மாவை அல்லவா மாற்ற வேண்டும்" என்று மனசுக்குள் சொன்னீர்களா? அவர் பேரைத் தவிர அவரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சொல்லியிருந்தால் கூச்சப்பட வேண்டாம். மில்லுக்கு வாருங்கள். ஆதிமூலம் கொஞ்சம் நகர்ந்து உட்காருவார். உங்கள் புருவத்தில் மட்டும் மாவு இல்லை, அதுவும் அரை மணி நேரத்தில் சரியாகிவிடும்.