வெட்டித் தைத்த கவிதைகள்

என் மனைவியை ஏமாற்றுவது என்று ஒரு திங்கட்கிழமை காலையில் முடிவு செய்தேன். முப்பத்து நாலு வருடத்தில் பல தடவை முயன்று தோற்றவன்தான். ஆனால் இந்தத் தடவை காரணம் நல்ல காரணம்.

அவளுக்குக் கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. இனி மருந்தில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மங்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவள் வாசலைத் தாண்டவில்லை. சதா கவிதை படித்தவள், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். நான் தையல்காரன். கிழிசலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

"டாக்டர் என்னை தினமும் நடக்கச் சொல்லிட்டார்மா. சர்க்கரையாம்."

"எந்த டாக்டர்?"

"புது டாக்டர்."

"அப்ப நடந்துட்டு வாங்க."

"தனியாவா? மயக்கம் வந்தா?"

"யாராவது தூக்கி விடுவாங்க."

"வயல்காட்டுல யாரும்மா இருப்பாங்க? மாடுதான் இருக்கும்."

மாடு தூக்கிவிடாது என்பதை அவள் ஒப்புக்கொண்டாள். ஒரே ஒரு நிபந்தனை. போகிற இடத்தில் உட்கார்ந்து நான் அவளுக்குக் கவிதை வாசிக்க வேண்டும்.

தெருவைத் தாண்டினால் வாய்க்கால் கரை. கரைமேல் ஒற்றையடிப் பாதை. முடிவில் ஒரு சின்னப் பாலம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பிடித்ததில்லை. வழியெல்லாம் அவள் உதடு முணுமுணுத்தது. கவிதை திரும்பி வந்துவிட்டது என்று பூரித்துப்போனேன்.

சிக்கல் புத்தகத்தில் இருந்தது. அவளுக்குப் பிடித்த கவிஞர் மூன்று வரிக்கு ஒரு தடவை இருட்டு என்று எழுதியிருந்தார். அவளிடம் போய் அதை வாசிப்பதா? கத்தரி போட்டேன். இருட்டு வந்த இடத்திலெல்லாம் வெயிலை வைத்துத் தைத்தேன்.

"வெயிலில் ஒருத்தி விளக்கேற்றி வைத்தாள்."

"வெயில்ல எதுக்குங்க விளக்கு?"

"கவிஞருக்கு வசதி இருக்கு. ஏத்தறார்."

"ஏத்தினது ஒருத்தின்னீங்க."

"அவர் வீட்டம்மாவா இருக்கும்."

சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு கவிதையைப் பாழாக்கலாம். ஆக்கினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒரு சாயங்காலம் வாடிக்கைக்காரர் ஒருவர் கையில் கால்சட்டையோடு வீட்டுக்கு ஓடிவந்தார். மறுநாள் நேர்முகத் தேர்வாம், இடுப்பைத் தளர்த்த வேண்டுமாம்.

"இன்னிக்கு நடை வேண்டாம்மா" என்றேன்.

"சரிங்க" என்றாள்.

மறுபேச்சில்லாத 'சரிங்க'. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். தைத்து முடித்து நிமிர்ந்தால் அவள் நாற்காலி காலி. செருப்பில்லை. புத்தகமும் இல்லை.

வாய்க்காலில் தண்ணீர் கரைமட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஓடினேன். அளவு நாடா கழுத்தில் தொங்கியபடியே ஓடினேன்.

பாலத்துச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தாள். உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருட்டில் ஒருத்தி விளக்கேற்றி வைத்தாள். விடியும்வரை அதற்குக் காவல் இருந்தாள்."

மடியில் புத்தகம் விரிந்திருந்தது. தலைகீழாக.

"எப்பலேர்ந்தும்மா?" என்றேன்.

"மூணு வாரமாச்சுங்க. இப்ப ஒண்ணுமே தெரியலை."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா இங்க வர விட்டிருப்பீங்களா? நான் எண்ணி முடிக்க வேண்டாமா? வாசல்லேர்ந்து கரைக்கு நானூத்திப் பத்து அடி. கரையிலேர்ந்து இங்க எழுநூத்தி முப்பது."

"அப்ப என் கையை அவ்வளவு இறுக்கமாப் பிடிச்சது?"

"வளைவு வந்தா உங்க முழங்கைதான் முதல்ல திரும்பும். அதுக்குத்தான்."

"புத்தகம்?"

"முழுசும் மனப்பாடம். இருட்டுன்னு வாசிச்சா நீங்க உடைஞ்சு போயிடுவீங்க. அதான் உங்க வெயிலை அப்படியே விட்டுட்டேன்."

அவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் சத்தமில்லாமல் அழுதேன்.

"மூக்கைச் சிந்துங்க" என்றாள்.

பிறகு எழுந்து, புத்தகத்தை இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன்.

"பாத்து வாங்க. இங்க ஒரு கல் நீட்டிக்கிட்டிருக்கு."

இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, நான் அதில்தான் தடுக்கி விழுந்தேன்.