பூவுக்கு நோகாத குங்குமப்பூக்காரர்

கீழே புளியஞ்சோலை ஓடையில் ஒருவர் காலை நனைத்தால் போதும். மேலே கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் இருந்தபடியே மூக்கை ஒரு தடவை உறிஞ்சி, வருகிறவர் எந்த ஊர், என்ன தொழில், எவ்வளவு பொய்யைச் சுமந்துகொண்டு ஏறுகிறார் என்று சொல்லிவிடுவேன். சரி, சரி. கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். காற்று தோதாக அடிக்க வேண்டும்; வருகிறவரும் பாதி மலையைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் ஓர் இனத்தாரை மட்டும் காற்றே இல்லாத நாளிலும் கண்டுபிடித்துவிடுவேன். 'பூவுக்கு நோகாதவர்' என்று அந்த இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். இல்லாமல் எங்கே போகப் போகிறார்? உங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தை, 'ஐயோ பாவம்!' நமக்கு என்ன கேடு வந்தது என்று நீங்கள் யோசிப்பதற்குள், நீங்கள் தேய்க்கும் சோப்பில் எந்த மிருகத்தின் கொழுப்பு, பூசும் பவுடரில் எந்தச் சீமையின் சுண்ணாம்பு, தடவும் எண்ணெயில் எந்தச் செக்குமாட்டின் கண்ணீர் என்று வரிசையாக அடுக்கி, இத்தனை வருஷமும் நீங்கள் முகம் கழுவவில்லை, முகத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தீர்கள் என்று நிரூபித்து, நீங்கள் பயந்துபோய்க் கன்னத்தைத் தடவிப் பார்க்கும் அந்த நிமிஷத்தில் மடியிலிருந்து ஒரு குடுவையை எடுப்பார். அதுவரைக்கும் அவரிடம் குடுவை இருப்பதே உங்களுக்குத் தெரியாது. அதுதான் தொழில்.

எங்கள் மலைக்கு வாய்த்தவர் ராசிபுரம் அர்த்தனாரி. குடுவையில் இருந்தது 'அகிம்சா குங்குமப்பூ முகலேபம்'. பெயரைப் பாருங்கள்! பூசிக்கொண்டால் முகம் மின்னுகிறதோ இல்லையோ, மோட்சம் நிச்சயம். அதில் சேரும் பால், கன்று வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்ட பிறகு கறந்த பால். தேன், தேனீக்கள் தாமாகவே வேண்டாமென்று விட்டுப்போன தேன். குங்குமப்பூவோ, காஷ்மீரத்தில் செடியிலிருந்து கிள்ளாமல், பூவே மனமுவந்து உதிர்த்த நார்களை மட்டும் பொறுக்கியது. காஷ்மீரத்துக் குளிரில் பூ மனமுவக்கும்வரை யார் காத்துக்கிடந்தார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "அங்கே பொறுமைசாலிகள் அதிகம்" என்றார்.

மாட்டுக்கு நோகக்கூடாது என்று அவர் தோல் செருப்புப் போடமாட்டார். மரக்கட்டைச் செருப்புத்தான். மரக்கட்டைச் செருப்பு எங்கள் மலைப்பாதையில் நாலு அடிக்கு மேல் நிற்குமா? வழுக்கும். ஆகவே டோலியில் ஏறி, எங்கள் ஆட்களின் தோள்மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் ஜீவகாருண்யம் பேசிக்கொண்டே வருவார். மாட்டின் தோல் தப்பித்தது. மனிதன் தோளில் தோல் உரிந்தது.

லேபத்தில் சேரும் பச்சிலையை அவர் பறிக்கும் அழகைச் சொல்லவேண்டும். செடியின் முன்னே போய்க் கைகூப்பி, "தாயே, எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று கேட்டுவிட்டு நிற்பார். காற்றில் இலை மேலும் கீழும் அசைந்தால் சம்மதம். பக்கவாட்டில் அசைந்தால் மறுப்பு. மேலும் கீழும் அசைக்கிற காற்று வரும்வரை நிற்பார். கொல்லிமலையில் காற்றுக்கா பஞ்சம்? எந்தச் செடியும் கடைசிவரை அவருக்கு மறுத்ததில்லை.

அரைப்பதற்கு அம்மி ஆகாது. அம்மியை உளியால் கொத்தியிருக்கிறார்களாம். உளி பட்ட கல்லில் இலைக்கு வலிக்குமாம். உள்ளங்கையில் வைத்துத்தான் கசக்க வேண்டும். யாருடைய உள்ளங்கையில்? அவர் தங்குவது செங்கோடன் வீட்டில். அரைப்பது செங்கோடன் மனைவி பாப்பாயியும் அக்கம்பக்கத்துப் பெண்களும். உலகத்துத் தோலையெல்லாம் காப்பாற்றப் பிறந்த லேபத்துக்காகப் பாப்பாயியின் உள்ளங்கைத் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. கையை விரித்துக் காட்டினாள். அவர் பார்த்தார். "அம்மணி, இலையில் ரத்தம் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார்.

குங்குமப்பூ சேர்க்கும் நேரம் வந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். ஏன் என்று கேட்டால், பூ கூச்சப்படுமாம்.

இத்தனைக்கும் மேலே அவருக்கு ஒரு தாரக மந்திரம் இருந்தது. "வாயில் போடக் கூடாதது எதையும் நான் முகத்தில் போடமாட்டேன்!" கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். மலைக்கு மேலே தினைமாவில் தேனைப் பிசைந்து தின்கிற எங்கள் பெண்களுக்கு, அப்படிப்பட்ட பண்டத்தை வாயில் போடாமல் முகத்தில் ஏன் போடவேண்டும் என்பதுதான் புரியவில்லை.

இப்படி இருக்கையில் செங்கோடன் மகள் கண்ணாயிக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை எங்கள் மலையிலேயே ஆலத்தூர் நாட்டு ராசு. பையன் வீட்டில் ஒரு சாவு, பெண் வீட்டில் ஒரு சாவு, பிறகு மழை என்று தள்ளித் தள்ளிப் போய், பெண் ராத்திரியில் அழ ஆரம்பித்த பிறகு ஒருவழியாகக் குதிர்ந்த கல்யாணம்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளையின் தாய் தன் வீட்டில் அரைத்த மஞ்சளைக் கொண்டுவந்து, தன் கையால் பெண்ணின் முகத்தில் முதலில் பூசவேண்டும். அதற்குமுன் எந்த மஞ்சளும் பெண் முகத்தில் படக்கூடாது. எந்த வீட்டு மஞ்சளோ அந்த வீட்டுப் பெண். வேறு கை முந்திவிட்டது என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் தலைச்சுமையை இறக்கக்கூட மாட்டார்கள். வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

அர்த்தனாரிக்கு இந்தக் கல்யாணத்தில் என்ன வேலை? குடுவைமேல் ஒட்டும் சீட்டில் 'கொல்லிமலை மணப்பெண்கள் பூசுவது' என்று அச்சடிக்க ஆசை. பொய் சொல்லமாட்டாரே! அதற்கு ஒரு மணப்பெண் பூசியாக வேண்டும்.

"மஞ்சள் படக்கூடாதுங்க சாமி" என்றான் செங்கோடன்.

"மஞ்சளா! செங்கோடா, மஞ்சள் கிழங்கை மண்ணிலிருந்து பிடுங்குகிறாயே, அதற்கு நோகாதா? பிறகு வேகவைக்கிறாயே, அது கொலையல்லவா? இது பூ. குடுவைக்குள்ளே பார், சிவப்பு. முகத்தில் பூசினால் பூசியதே தெரியாது. உள்ளிருந்து ஒரு பொன்னொளி மட்டும் வரும்."

கல்யாணத்தன்று காலையில் பூசினார்கள். பொன்னொளி வந்தது. சும்மா வரவில்லை, நெற்றி, மூக்கு, காது மடல் என்று ஓரிடம் விடாமல், தோரணத்துக்குச் சாயம் போட்ட காகிதம்போல மஞ்சள் பளீரென்று வந்தது. பாப்பாயி அரப்பைப் போட்டுத் தேய்த்தாள். சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் துலங்கியது. பக்கத்தில் நின்ற அர்த்தனாரி கண்ணில் நீர் மல்க, "பார்த்தீர்களா, இயற்கையின் பிடிப்பை!" என்றார்.

அதே சமயம் கீழ்க்காட்டில் ஆலத்தூர் நாட்டார் மேளம் கேட்டது.

மாப்பிள்ளையின் தாய் இருசாயி சிறு உருவம். குரல் மட்டும் பெரிது. மஞ்சள் கிண்ணத்தோடு வாசலுக்கு வந்தவள் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். மேளத்தை நிறுத்தச் சொன்னாள்.

"ஏனுங்கண்ணா, இது யாரூட்டு மஞ்சளுங்க?"

செங்கோடன் வாயைத் திறப்பதற்குள், சும்மா இருந்திருக்க வேண்டிய ஒரே மனிதர் முன்னால் வந்தார். தன் சரக்கைப் பற்றி யாராவது கேட்டால் இந்த இனத்தாரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"அது என்னுடையது அம்மணி! என் கையால் கலந்தது. இந்தப் பெண்ணின் முகம் இன்று இப்படி ஒளிர்கிறதென்றால், அதற்கு முழுப் பொறுப்பு நானே."

"முழுப் பொறுப்பும் நீங்களேங்களா?"

"நானே!"

"எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்று இருசாயி தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "ராசு, மூட்டையைத் தூக்கு. ஊட்டுக்குப் போலாம். மாப்பிள்ளை இங்கயே இருக்காரு."

அர்த்தனாரிக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் மேடைத்தமிழ் பறந்துவிட்டது. "ஐயையோ, எனக்கு ராசிபுரத்துல சம்சாரம் இருக்குதுங்க! மூத்த பொண்ணுக்கே கல்யாணம் ஆயிருச்சுங்க!"

"அது மஞ்சள் பூசறதுக்கு முன்னால நெனச்சிருக்கோணும்."

டோலிக்காரர்களில் ஒருவன் பின்னாலிருந்து கேட்டான்: "சாமி, எறங்கறப்போ ரெண்டு பேத்தைத் தூக்கோணுங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாயி சிரிக்கவில்லை. அவள் ராசுவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசு மூட்டையைத் தொடவும் இல்லை, தாயை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவும் இல்லை. பெருவிரலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

பாப்பாயிக்குத்தான் வழி தோன்றியது. "அது மஞ்சளே இல்லீங்கம்மா! திங்கற பண்டமுங்க. பாலும் தேனும் பூவும். வாயில போடக் கூடாததை மூஞ்சியில போடமாட்டேன்னு அவரே ஊரெல்லாம் சொன்னாருங்க!"

இருசாயி யோசித்தாள். "திங்கற பண்டமா? அப்ப எங்க முன்னால திங்கட்டும். பண்டம்னா மூஞ்சியில ஒட்டிக்கிச்சுன்னு தொடச்சுட்டு எம்மஞ்சளைப் பூசறேன். திங்கலீன்னா மஞ்சள்தான், பொண்ணை அவரே வச்சுக்கட்டும்."

நல்ல தீர்ப்பு. எல்லோர் முகத்திலும் உயிர் வந்தது. பாப்பாயி ஓடிப்போய்த் தினைமாவை எடுத்து, குடுவையில் இருந்ததில் ஒரு கை அள்ளிப் போட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து இலையில் வைத்துக் கொண்டுவந்தாள்.

அர்த்தனாரி இலையைப் பார்த்தார். தமக்கு இன்று விரதம் என்றார். காலையில் அவர் சாமைச்சோற்றுக்கு மூன்றாம் தரம் கை நீட்டியதை ஊரே பார்த்திருந்தது. வயிறு சரியில்லை என்றார். பண்டத்தைத் தின்றால் பண்டத்துக்கு நோகுமே என்று அவர் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்தது. இருசாயி மறுபடி மூட்டையைக் காட்டினாள். இந்தத் தடவை ராசு குனிந்தான்.

அப்போதுதான் கண்ணாயி எழுந்து வந்து, இலையைத் தாயிடமிருந்து வாங்கி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"தின்னுங்க. இல்லாட்டி இது என்னன்னு சொல்லுங்க."

ஒரு பக்கம் இரண்டாம் கல்யாணம். ஒரு பக்கம் உருண்டை. நடுவில் உண்மை. மனிதர் மூன்றையும் மாறி மாறிப் பார்த்து, மூன்றில் குறைவாகக் கெடுதல் செய்வது எது என்று கணக்குப் போட்டு, கடைசியில் வேறு வழியே இல்லாமல் உண்மையிடம் போனார்.

"திங்கக் கூடாது தாயீ... அது பூ இல்லை."

பூ இல்லையாம். இந்த மலையிலேயே உரித்த வாழைநாராம். பொடிசாகச் சீவி, சேலத்தில் சேலைக்குப் போடுகிற சாயத்தில் முக்கி எடுத்ததாம். கதவைச் சாத்தியபோது கூச்சப்பட்டது எது என்று இப்போது தெரிந்தது.

இருசாயி கட்டைவிரலை எச்சிலில் நனைத்துப் பெண்ணின் கன்னத்தில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. "சேலைச் சாயந்தானா!" என்றாள். "அப்ப யாரூட்டு மஞ்சளும் இல்ல. மூட்டையை எறக்குங்கப்பா." தன் கிண்ணத்தில் இருந்ததை அப்படியே அள்ளி, அடியில் இருப்பது தெரியாதபடி அப்பினாள். மேளம் அடித்தது. கல்யாணம் நடந்தது.

டோலிக்காரர்கள் அன்று அவரைத் தூக்கவில்லை. "எங்களுக்கு நோகுதுங்க சாமி" என்று சொல்லிவிட்டு விருந்தில் உட்கார்ந்துவிட்டார்கள். கட்டைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்லுக்குக் கல் 'ஆ', 'ஊ' என்று அவர் இறங்கிப் போனார். திருந்தியிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அடுத்த மாதமே பத்திரிகையில் விளம்பரம் வந்தது: 'கொல்லிமலை மணப்பெண்ணின் முகத்தில் மாறாத பொன்னிறம்! எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது!' அதில் ஒரு சொல் பொய் என்று என்னால் காட்ட முடியவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடையில் ஒரு குடுவையைக் கையில் எடுத்ததும் பூவைக் கிள்ளினார்களா, தேனீயை விரட்டினார்களா என்று உருகி உருகி விசாரித்துவிட்டு, அதைக் கசக்கியது யாருடைய கை, மலையிலிருந்து இறக்கியது யாருடைய தோள் என்று ஒருநாளும் கேட்காமல், முகம் மின்னினால் மனசும் மின்னிவிட்டதாக நினைத்துக் கண்ணாடி முன்னால் நிற்கிறவர் யாராவது உங்கள் வீட்டில் இருக்கிறாரா? யாரென்று தேட வேண்டாம். கண்ணாடியில் பார்த்தால் தெரியும்.

எங்கள் மலைக்காரர்கள் உங்களைப்போல ஏமாளிகள் அல்ல. மிச்சம் இருந்த லேபத்தைக் குடுவையோடு அன்றைக்கே பள்ளத்தில் வீசிவிட்டார்கள்.

இதை எழுதி நான் வாசித்துக் காட்டியபோது, பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் கண்ணாயி பக்கத்தில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். பொறுக்குவதை நிறுத்தினாள்.

"வீசலீங்க அம்மாயி. எங்க மாமியா மடியில கட்டி ஊட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டாங்க."

"இருசாயியா? சாயமென்று தெரிந்துமா?"

"தெரிஞ்சதுனாலதானுங்க. மஞ்சள்னா நாலு நாள்ல போயிருதுங்களே."