கௌபோய் மாஸ்டரும் 401 ஹைவேயும்

ஸ்காபரோவில் கார் ஓடும் தமிழரில் பாதிப்பேர் கௌபோய் மாஸ்டரிடம் பழகியவர்கள். மீதிப்பேர் அவருடைய மாணவர்களைக் கண்டால் ஒதுங்கப் பழகியவர்கள். அங்கே மல்வேர்ன் பகுதியில் ட்ரைவிங் சொல்லிக்கொடுத்த அவருடைய சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தலையில் எப்போதும் அகன்ற தோல் தொப்பி. அது கார்க் கூரையில் இடித்தபோது தொப்பியைக் கழற்றவில்லை, சீற்றைச் சாய்த்துவிட்டார்.

சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் அயல்வீட்டு ரிவியில் கௌபோய் தொடர் பார்த்துத் தொற்றிய வருத்தம் அது. எனக்கும் இருந்தது. அன்ரெனா சரியில்லாமல் படம் முழுக்கப் புள்ளி விழும். பாலைவனத்தில் ஓயாமல் மழை பெய்யும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

பாடமும் அதே பாணிதான். "ஹீரோ சுடமுதல் என்ன செய்வான்? கண்ணைச் சுருக்கி நாலு பக்கமும் பாப்பான். கண்ணாடியைப் பாரும்."

இங்கே பிறந்த பெட்டை ஒருத்தி, "அங்கிள், தொப்பி ஹாலோவீனுக்கோ?" என்று கேட்டாளாம். கௌபோய் என்றதும், "ஓ, வீடியோ கேம்" என்றாளாம். மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "நாங்கள் போனா கௌபோய்களும் முடிஞ்சுது, தம்பி."

என் விவகாரம் வேறு. தெருக்களில் நான் புலி. 401 ஹைவே என்றால் சுற்றுவழி தேடுவேன். ஹைவேயில் ஓடிக்காட்டும் லைசென்ஸ் ரெஸ்டுக்கு மூன்று முறை நாள் எடுத்தேன்; மூன்று முறையும் காய்ச்சல் வந்தது. அடுத்த மாதத்துக்குள் பாஸ் பண்ணாவிட்டால் இருக்கிற தற்காலிக லைசென்ஸும் செத்துவிடும். மார்க்கம் நகரில் என் வேலைக்கு பஸ்ஸும் இல்லை. அதாவது, வேலையும் போய்விடும்.

கடைசிப் பயிற்சி. ஹைவேயில் ஏறும் வளைவு.

"மாஸ்டர், லொறி வருது."

"வரட்டும். அது அவன்ர வேலை."

"நான் நிப்பாட்டப் போறன்."

"நிப்பாட்டினா ரெண்டு பேற்ற கதையும் முடிஞ்சுது. மிதியும்."

ஹீரோவைப் போலக் கண்ணைச் சுருக்கினேன். பயத்தில் ஒரு கண் முழுதாகவே மூடிக்கொண்டது. எப்படியோ உள்ளே நுழைந்து, மூச்சு வந்த பிறகு திரும்பிப் பார்த்தால், மாஸ்டர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு சாய்ந்து கிடக்கிறார். என்னை நம்பி நித்திரை! அந்தத் தெம்பிலேயே ரெஸ்டும் பாஸ்.

லட்டுப் பெட்டியோடு அவர் வீட்டுக்குப் போய், "உங்கட நித்திரைதான் மாஸ்டர் எனக்குத் தைரியம்" என்றேன்.

மனைவி குசினிக்குள் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டு மெல்லச் சொன்னார்: "ஆர் நித்திரை கொண்டது? தேவாரம் சொல்லிக்கொண்டு கிடந்தனான். நான் 401இல தனிய ஓடாமல் விட்டு இருவது வருசம். லொறி எண்டாப் பயம்."

"ஹீரோ பயப்பிடமாட்டானே?"

"ஆர் உமக்குச் சொன்னது? தொப்பி மறைச்சதால எங்களுக்குத் தெரியேல்லை."

இப்போது அவர் பாடம் எடுப்பதில்லை. வெள்ளிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு நான்தான் கூட்டிப் போகிறேன், 401இல். பின்னால் வருகிறவர்கள் ஹோர்ன் அடிக்கிறார்கள். அடிக்கட்டும். வேகம் எண்பதைத் தாண்டினால் மாஸ்டர் கண்ணை மூடிவிடுவார். வழியில் அவருக்குப் பார்க்க நிறைய இருக்கிறது.