சொட்டாத எண்ணெய்

ஒரு காட்டில், சாலை போடுவதற்கு முன்பே சாலைப் பணியைப் பார்வையிட வண்டி வாங்கிவிட்டார்கள். சேறு, பாறை எதுவும் பார்க்காமல் பாயும் டூ-ஸ்ட்ரோக் பைக். சிங்கத்தார் அதில் ஏறி மலையைச் சுற்றுவார். பின்னால் வெள்ளைப் புகை திரண்டு எழும். குடிமக்கள் இருமிக்கொண்டே கைதட்டுவார்கள்.

அந்த வண்டியில் கியர்பாக்ஸ் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. ஊற்ற ஊற்றக் குறைந்தது. வண்டி நிற்கும் கொட்டகைத் தரையிலோ ஒரு சொட்டுக் கறை இல்லை.

"ஒழுகினால் கறை இருக்கும். கறை இல்லை. ஆகவே திருட்டு" என்றார் செயலாளர் நரியார்.

கொட்டகைக்கு அடியில் வளை வைத்திருந்தவன் வேலாண்டி என்ற பெருச்சாளி. விசாரணை அதோடு முடிந்தது. வெள்ளிக்கிழமை காட்டுப்பன்றியை விட்டு வளையைத் தோண்டுவது என்று முடிவாயிற்று. வளைக்குள் கண் திறக்காத ஆறு குட்டிகள் இருந்தன.

வேலாண்டி மூன்று மறியல்களில் அடி வாங்கியவன். எந்தக் காகிதத்தையும் தின்பதற்கு முன் படித்துவிடும் பழக்கம் உள்ளவன். வண்டியோடு வந்த கையேட்டையும் அப்படித்தான் முடித்திருந்தான்.

"உண்மை நம்ம பக்கம் இருக்கு, சிட்டு" என்றான் மனைவியிடம்.

"அது இருக்கும். வளை இருக்காதே" என்றாள் சிட்டம்மா. "போய்ப் பேசுங்க. கோஷம் மட்டும் போட்டுறாதீங்க."

சபையில் வேலாண்டி நெஞ்சை நிமிர்த்தி நின்றான். "தலைவரே, கியர்பாக்ஸுக்கும் என்ஜினுக்கும் நடுவுல ஒரு ரப்பர் சீல் இருக்கு. அது கிழிஞ்சுபோச்சு. பக்கத்து அறை எண்ணெயை என்ஜின் உறிஞ்சி எரிக்குது. வெளியே சொட்டாம உள்ளேயே போகுது. நீங்க விடற வெள்ளைப் புகை இருக்கே, அதுதான் காணாமப்போன எண்ணெய்."

சபை இருமலை நிறுத்தியது.

"என் வண்டியே குடிக்குதுங்கற" என்றார் சிங்கத்தார்.

"ஆமாங்க. மூடியைக் கழட்டிப் பார்த்தா தெரியும்."

நரியார் துள்ளி எழுந்தார். "கேட்டீங்களா? இன்னைக்கு வண்டியைக் கழட்டச் சொல்றான். நாளைக்கு கஜானாவைத் திறக்கச் சொல்லுவான். வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்குத் தலைவரே? நாளைக்கே தோண்டிருவோம்."

உண்மையைச் சொன்னதில் வேலாண்டிக்குக் கிடைத்த ஒரே பலன், தேதி முன்னால் வந்ததுதான்.

அவன் வீடு திரும்பியபோது, மழைக்கால விளக்கெண்ணெய்க்கென்று சேர்த்துவைத்த புங்கங்கொட்டைகளைச் சிட்டம்மா நசுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"அவங்க கேக்கறது ஒரு கறைதானே? வெச்சுருவோம்."

"மூணு மறியல்ல நின்னவன் நான். பொய்க்கு எண்ணெய் பிழியறதா?"

"நீங்க பிழிய வேணாம். கொள்கையோட அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, வெளிச்சம் மறைக்குது."

அவன் தள்ளி நின்றான். குட்டி ஒன்று முனகியது. பிறகு, அவனும் ஒரு கொட்டையை எடுத்தான்.

மறுநாள் காட்டுப்பன்றியோடு வந்த நரியார் வண்டிக்கடியில் கறையைப் பார்த்துக் குதித்தார். "ஒழுகுது! ஒழுகுது!" காடே மகிழ்ந்தது. கறைக்கு மேல் ஒரு தகர டப்பா வைக்கப்பட்டது. டப்பாவைச் சிங்கத்தார் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தார். முதல் வரிசையில் நின்று கைதட்டியவன் வேலாண்டி.

அடுத்த நாள் காலை நரியார் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். "வண்டியில குறைஞ்சிருக்கு. டப்பாவுல ஒண்ணும் காணோமே?" என்றார். பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி வளையைப் பார்த்தார். காட்டுப்பன்றி இன்னும் ஊருக்குப் போகவில்லை.

அன்று முதல் டப்பா தினமும் நிறைந்தது. நரியார் அதை எடுத்து கியர்பாக்ஸில் ஊற்றினார். கியர்பாக்ஸிலிருந்து என்ஜின் குடித்தது. புங்க வாசனையோடு புகை முன்னைவிட அடர்த்தியாக எழுந்தது. "திருட்டை ஒழித்துவிட்டோம்" என்று சிங்கத்தார் மலையுச்சியிலிருந்து அறிவித்தார். கீழே வேலாண்டியின் குட்டிகள் கண் திறந்தன. முதலில் பார்த்தது புகையை. முதலில் கற்றது கொட்டை நசுக்க.

நீதி: நீ திருடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால் உண்மையைச் சொல்லாதே; காணாமல்போனதை உன் வீட்டிலிருந்து கொடுத்துக்கொண்டே இரு. நிறுத்துகிற அன்று நீ மறுபடியும் திருடன்.