தாஸிமின் கலப்படமில்லாத மழை

"என்ட மழையில கை வெச்சது யாரு?"

தாஸிம் கணினியைப் பார்த்துக் கத்தியதில் திகனச் சந்தியில் ஒரு முச்சக்கர வண்டி தானாக நின்றுவிட்டதாகக் கேள்வி.

வீட்டுக் கூரையில் மழைமானி வைத்து, அன்றாடம் பெய்ததை அளந்து, யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளவும் திருத்தவும் இணையத்தில் போட்டிருந்தார் அவர். அந்தத் தரவுப் பொதியை ஆய்வுக்கு எடுப்பதாக ஒரு பேராசிரியர் எழுதியிருந்தார். பொதியில் எந்தெந்த வசதிகள் இருக்கும் என்று வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொன்னால், ஆய்வின் முகப்பில் தாஸிமின் பெயர் வரும்.

கை வைத்தவன் ஃபாஸில். மனைவி றம்லத்தின் தம்பி. பொதிக்கு நிரல் எழுதுபவனும் அவனே.

"மச்சான், அளக்காத நாள் வந்தா பக்கத்து நாளப் பாத்து அதுவே ஒரு எண்ணப் போட்டுக்கும். ஆக்கள் கேக்குறாங்க."

"ஊகமா? என்ட பொதியிலயா? அளக்காத நாளே இதுல இல்லடா! மாசத்துல பாதி நாள் யாவாரத்துக்குக் கொழும்புல நிண்டாலும் ஒன்ட ராத்தா பாத்து ஃபோன்ல சொல்றா. தூக்கு அத!"

ஃபாஸில் தூக்கவில்லை. தாஸிமே தூக்கினார். உடனே அதை நம்பியிருந்த சராசரி போடும் வசதி படுத்துவிட்டது.

"சராசரி மழையில யாரு நனைஞ்ச?" என்று அதையும் பிடுங்கினார். வரைபடம் கோணியது. வரைபடமும் போயிற்று.

பொதியைப் பயன்படுத்தும் திலக்ஷன் என்பவர் பன்விலத் தோட்டத்திலிருந்து, "நேத்து வரைக்கும் வேலை செஞ்சதுங்களே ஐயா" என்று பணிவாக எழுதிக் கேட்டார்.

"படம் வேணுமெண்டா வானத்தப் பாருங்க!" என்று பதில் போட்டார் தாஸிம்.

"மச்சான், இனி இதுல என்னதான் இரிக்கி?"

"உண்மை இரிக்கி!"

"அப்ப உண்மையோடயே இரிங்க. எனக்கு ஏலாது." ஃபாஸில் பொதியிலிருந்து தன் பெயரை அழித்துவிட்டு, ராத்தா றம்லத் நீட்டிய வட்டலாப்ப இனிப்பைத் தொடாமலே படியிறங்கினான். அந்தக் குடும்பத்தில் அதற்குமேல் ஒரு சண்டை கிடையாது.

"நிரல் எழுத ஆளில்லாட்டியும் மழை பெய்யும்!" என்று வாசல்வரை துரத்திக் கத்தினார் தாஸிம்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் அழைத்தார். றம்லத்துக்கும் கேட்கட்டும் என்று தாஸிம் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"வசதிகளை எல்லாம் எடுத்திட்டியள் போல. அதுதான் நல்லது. எங்களுக்கு அளந்தது மட்டும் வேணும். இதில ஊகிச்ச எண் ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒரு துளி கூட இல்ல சேர்! நான் ஊருல இல்லாத நாள்லயும் என்ட பொஞ்சாதி கூரையில ஏறி அளந்தவ. இந்தா, பக்கத்துலயே நிக்கிறா. கேட்டுப் பாருங்க!"

றம்லத் கையிலிருந்த பிடவையை உதறி மடித்தாள்.

"கூரையில நான் எங்க ஏறின? கொடியில உடுப்பு எவ்வளவு நனைஞ்சி இரிக்கிண்டு பாத்துத்தானே ஒவ்வொரு நாளும் நான் ஒரு எண்ணச் சொன்ன!"